கட்டை விரல்

மெமரி கார்டை எடுக்கக் கேமராவின் சிறுகதவைத் திறந்தபோது மடியில் மணல் உதிர்ந்தது.

மாமல்லபுரத்து மணல். ஜோதிலட்சுமி அதைத் தட்டிவிடவில்லை.

ஒரே மகன் பிரவின்குமார். அலைச்சறுக்குப் பயிற்சிக்கு இறங்கியவனைக் கடல் கொண்டுபோயிற்று. கருமாதி முடிந்து நேற்றுதான் உறவெல்லாம் கூடுவாஞ்சேரியை விட்டுக் கிளம்பியது. கணவர் சம்பத் பால் வாங்கப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். இந்த மனிதரோடு இனி ஒரே வீட்டில் இருக்க முடியுமா என்பது அதில்தான் இருந்தது.

கருமாதிப் பந்தியில் வைத்தே கேட்டுவிட்டான், சம்பத்தின் சித்தப்பா மகன் தனகோடி.

“புள்ள முங்கிக்கினு கீறான், நீ போட்டா புட்ச்சிக்கினு இருந்தியாமே அண்ணாத்த? நல்லா வந்துச்சா படம்?”

இலையிலிருந்து யாரும் தலை தூக்கவில்லை. சம்பத் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். எல்லாரும் எழுந்து போன பிறகு அவளிடம் மட்டும் சொன்னார்.

“அவன் கையப் பாத்ததும் கேமராவ மணல்ல போட்டுட்டு ஓடினேன் ஜோதி.”

பொய்யா நிஜமா என்பதைப் படமே சொல்லிவிடும். சம்பத்தின் கேமரா அப்படி.

மற்றவர்கள் மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஃபோகஸும் வந்துவிடும், படமும் விழுந்துவிடும். சம்பத் இரண்டையும் பிரித்து வைத்திருந்தார். ஆள்காட்டி விரலுக்குப் படம் பிடிக்கிற வேலை மட்டும்தான். ஃபோகஸ் பின்பக்கத்துப் பொத்தானில், கட்டை விரலுக்கு அடியில். கபடியானாலும் கடலலையானாலும் ஓடுகிற ஆளைத் துரத்த அதுதான் தோது என்பார். கட்டை விரல் அழுந்தியிருக்கும் வரை லென்ஸ் ஆளை விடாது. எடுத்தால் ஃபோகஸ் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பிறகு வருவதெல்லாம் மங்கல்.

கல்யாணங்களில் படமெடுக்க அவருக்குத் துணையாகப் போன புதிதில், ஒரு முகூர்த்தம் முழுவதையும் அவள் மேல் பொத்தானை மட்டும் அழுத்தியே எடுத்துவிட்டாள். பெண், மாப்பிள்ளை, ஐயர் எல்லாரும் புகை. “கட்டை வெரலு தூங்கிட்ச்சா?” என்று சிரித்தார் சம்பத். அதுவே வீட்டுப் பேச்சாகிவிட்டது. ரசத்தில் உப்பு இல்லையென்றால் பிரவினும் தட்டைத் தள்ளிவைத்துக் கேட்பான்: “இன்னாம்மா, கட்டை வெரலு தூங்கிட்ச்சா?”

லேப்டாப்பில் படங்கள் திறந்தன.

ஆரஞ்சு பனியனில் பிரவின், பலகைமேல், முழங்காலை மடக்கி. பளிச்சென்று. காலை வெயிலில் பல் தெரிகிறது.

பலகை மட்டும், காலில் கட்டுகிற கயிறு அறுந்து. அதுவும் தெளிவு.

ஒரு கை.

உள்ளங்கையால் திரையை மறைத்துக்கொண்டாள். படங்கள் இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டாலும் மங்கலாகவாவது இருக்க வேண்டும்.

அடுத்த படம் இருந்தது. வெறும் தண்ணீர். நுரையின் ஒவ்வொரு குமிழும் தெரிந்தது.

அதற்கடுத்ததும் தண்ணீர். அதுவும் தெளிவு. விரலை எடுக்கவேயில்லை.

தனகோடி சொன்னது நிஜம்.

நிறுத்த முடியாமல் நகர்த்திக்கொண்டே போனாள். போகப் போக ஏதோ உறுத்தியது. ஒன்றில் கிட்டத்து நுரை தெளிவு. அடுத்ததில் தூரத்து அலை. பிறகு இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடியும் கிட்டத்தில். அலையைப் படம் பிடிக்கிறவர் இப்படிப் பிடிக்க மாட்டார்.

கரையில் நின்றால் அந்தத் தூரத்தில் ஒரு தலை வெறும் கண்ணுக்குத் தெரியாது. அந்த நீள லென்ஸுக்குத்தான் தெரியும்.

தேடியிருக்கிறார். ஆள்காட்டி விரல் பழக்கத்தில் அமுங்கியிருக்கிறது. கட்டை விரல் கடலெல்லாம் பிள்ளையைத் தேடியிருக்கிறது.

ஜோதிலட்சுமிக்கு மூச்சு வந்தது. இதை ஏன் சொல்லவில்லை இந்த மனிதர்? பந்தியிலேயே தனகோடியின் வாயை அடைத்திருக்கலாமே.

கடைசிக்கு முந்தைய படத்தில் ஒரு மீன்பிடிப் படகு. அதில் நின்றவர் கரையைப் பார்க்கிறார், நேராகக் கேமராவையே பார்க்கிறார், கைகளை விரித்தபடி. எந்தப் பக்கம் என்று கேட்கிற கைகள்.

இவர் இடது கையால் காட்டியிருப்பார். வலது கை கேமராவில் இருந்தது.

கடைசிப் படம். படகு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் காட்டிய பக்கமே, வடக்கே நெம்மேலியை நோக்கிப் போகிறது. அதற்கு முன்னால், செதுக்கி வைத்தது போலத் தெளிவாக, கறுப்பாக ஒன்று. பெரிதாக்கினாள். வலையில் கட்டுகிற மிதவை. தூரத்திலிருந்து பார்த்தால் தலை மாதிரிதான் இருந்தது.

வலது மூலையில், தெற்கே, ஃபோகஸ் எட்டாத இடத்தில், மங்கலாக ஏதோ. அதையும் பெரிதாக்கினாள். மங்கல்தான் பெரிதாயிற்று.

ஆனால் நிறம் தெரிந்தது, ஆரஞ்சு. அந்தப் பனியனை உப்புப் போக அலசிக் காயப்போடுகிறவள் அவள்தான்.

தெற்கே பாறையோரம்தான் அன்று சாயங்காலம் அவன் ஒதுங்கினான்.

வெளியே கேட் சத்தம். அந்த ஒரு படத்தை மட்டும் அழித்தாள்.

சம்பத் வாசலிலேயே நின்றுவிட்டார். மேஜைமேல் கேமரா, சிறுகதவு திறந்தபடி. அவள் மடியில் மணல்.

“இன்னா ஜோதி தெரியுது?”

“ஒண்ணியும் தெரியலீங்க. எல்லாம் மங்கலா கீது” என்றாள். “கையப் பாத்ததுமே கட்டை வெரல எடுத்துட்டு ஓடிக்கீறீங்க.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆமா” என்றார்.

அவள் எழுந்துபோய் அவர் கையிலிருந்த பால் பாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அவருடைய கட்டை விரல், நகம் வெளுக்க, அதை அழுத்திப் பிடித்திருந்தது.