ரப்பர் குழாய்

"டேய், கரிமூஞ்சிங்களா! புல்லு மேல ஏறாதீங்கடா! ஓடுங்கடா!"

தோட்டக்காரர் சின்னப்பையன் ரப்பர் குழாயைத் திருப்பினார். தண்ணீர் பீறிட்டு அடித்தது. துறைமுகத்தில் கப்பல் கரி இறக்கிவிட்டு வந்த வாலிபர்கள் நாலைந்து பேர் சிதறி ஓடினார்கள். துரை என்பவனுக்கு முதுகிலேயே அடி.

பெஞ்சில் இருந்த அருள்பிரகாசத்துக்குப் பொறுக்கவில்லை. ரயில்வேயில் பென்ஷன் வாங்கியவர். இராயபுரம் பூங்காவுக்குக் காற்று வாங்க வருகிறவர். தினமும் இதே கூத்து.

"ஏம்ப்பா, அவங்களும் மனுஷங்கதானே? நாள் பூரா தூசியிலே கிடந்துட்டு, கொஞ்சம் பச்சையைப் பார்க்கலாம்னு வர்றாங்க. நாயை விரட்டற மாதிரி விரட்டறியே!"

"ஒன் வேலையப் பாரு சார். இதுங்களுக்குப் பச்சை ஒண்ணுதான் கொறைச்சலு."

இவ்வளவு அடி வாங்கியும் மறுநாள் வருகிறார்களே! பாவம், புல்லின் மேல் அத்தனை ஆசை என்று எண்ணிக்கொண்டார். ஒருவன் இடுப்பில் தேங்காய் நார் செருகியிருந்தான். அது எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை.

நேரே கேட்டுக்குப் போனார். அங்கே பூங்கா ஓவர்சியர் நின்றிருந்தார்.

"வாலிபப் பசங்க பார்க்குக்கு வரணும்னா ஆசையா கூப்பிடணும் சார். முதல்லே அந்தக் குழாயைப் பிடுங்குங்க."

பென்ஷன்காரர் சொல். ஓவர்சியர் தட்டவில்லை. மறுநாள் செடிகளுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றினார் சின்னப்பையன். முறைத்துக்கொண்டே ஊற்றினார்.

புல்தரை காலி. அதற்கடுத்த நாளும் காலி. ஒருவனும் வரவில்லை.

கேட்டுக்கு வெளியே துரை போய்க்கொண்டிருந்தான். உச்சி முதல் பாதம் வரை கரி.

"தம்பி, இனிமே யாரும் விரட்ட மாட்டாங்க. உள்ளே வா."

"இன்னாத்துக்கு? நீதான் போய்ச் சொன்னியாமே?"

"உங்களுக்காகத்தாம்ப்பா சொன்னேன்."

"நல்லா சொன்ன, போ." கேட்டில் தொங்கிய பலகையைக் காட்டினான். "படி சார்."

'பூங்காக் குழாயில் குளிக்கக் கூடாது.'

"நாங்க வூட்டுக்குப் போறதுக்குள்ள தெருக்குழாய்ல தண்ணி நின்னுடுது. இங்க குளிக்க வுட்டா தோட்டக்கார நைனாவுக்கு வேலை பூடும். வெரட்டுனா பூடாது."

"அப்போ அந்தத் திட்டு?"

"ஓவர்சியர் பாத்துகினு கீறாரு. நைனா திட்டாம, கொஞ்சுவாரா?" துரை தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டான். "வூட்ல கைக்கொழந்தை கீது சார். கரியோட தூக்குனா இருமி இருமி நீலம் பாரிச்சுடுது. ரெண்டு நாளா தூக்கல."

அருள்பிரகாசம் விடுவிடென்று ஓவர்சியரிடம் நடந்தார்.

"என்ன சார் பார்க்கு நடத்தறீங்க? கரிக்காரப் பசங்க புல்லையெல்லாம் நாசம் பண்றாங்க. குழாயைத் திருப்பிக் குடுங்க!"

"ரெண்டு நாளா ஒருத்தனும் வரலியே சார்?"

"நாளைக்கு வருவான்!"

வந்தார்கள். தண்ணீர் பீறிட்டது. கேட்டில் ஓவர்சியர் தலையாட்டிக்கொண்டு நின்றார். அருள்பிரகாசம் பெஞ்சின் மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினார்:

"விடாதே சின்னப்பையா! அந்தத் துரைப் பயலைப் பிடி! காதுக்குப் பின்னாலே அடி!"