சக்கரம் கண்ட பள்ளம்

ஒரு விமானத்தின் வயிற்றுக்குள் ஒரு சக்கரம் இருந்ததாம். அதற்கு யாரையும் நம்பத் தெரியாது.

ஒருநாள் விமானம் ஒரு மலைமேல் இறங்க வந்தது. கதவு திறந்து சக்கரம் வெளியே வந்தது. எதிரே ஓடுபாதை பளிச்சென்று தெரிந்தது. ஆனால் வேகத்தைத் தணிப்பதற்காக இறக்கையோரத்தில் விரிகிற மடல், "வேகம் இன்னும் அடங்கலை தம்பி, நானும் முழுசா விரியலை. அதோ அந்தத் தண்ணி டேங்கைத் தாண்டுறதுக்குள்ள எல்லாம் சரியா இருக்கணும். இல்லேன்னா மேலே போயிரணும்" என்றது.

"கண்ணு முன்னாடி தரை தெரியுது, அப்புறம் என்னக்கா? நான் போய்த் தொட்டா உங்களுக்குப் பொறுக்காதே!"

டேங்க் வந்தது. வேகம் அடங்கவில்லை. விமானம் மறுபடி மேலேறியது. சக்கரத்தை உள்ளே இழுத்துக் கதவையும் சாத்திக்கொண்டது. "எல்லாரும் கூட்டு" என்று இருட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது சக்கரம்.

ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். இந்த முறை டேங்குக்கு வெகு முன்பே மடல் முழுதாக விரிந்தது, வேகமும் அடங்கியது. சக்கரம் தரையைத் தொட்டு ஓடு ஓடென்று ஓடி, ஓடுபாதை முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம்.

சக்கரம் அதை எட்டிப் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது:

"ஏன்க்கா, நாம சுத்திட்டு வர்றதுக்குள்ள இதை இங்க வெட்டினது யாரு?"