கொடி பறந்த திசை

“பாய் கிழக்கப் பாத்து உப்பியிருக்கு. கொடி மேக்கப் பாத்துப் பறக்குது. ஒரே கடல்ல ரெண்டு காத்தா அடிக்கி?”

ஜேசுபாதம் கருவாட்டுப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டிக் கேட்டதும் கூடமே சிரித்தது.

அவர் தோணித் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் முப்பது வருடம் தோணி ஓட்டியவர். காற்று போகிற பக்கம்தான் பாயும் உப்பும், கொடியும் பறக்கும். லேபிளில் இருந்த தோணிப் படத்தில் இரண்டும் எதிரெதிராக இருந்தன. அவர் சொன்ன பிறகு அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

“இந்தத் தோணி கொழும்புக்கும் போகாது, தூத்துக்குடிக்கும் வராது. நடுக்கடல்ல நின்னு சுத்தும்” என்றார்.

மீனவ மகளிர் சங்கத்தின் கருவாட்டுக்குப் புது லோகோ, புது லேபிள். அன்றுதான் வெளியீட்டு விழா. ஐயாயிரம் ஸ்டிக்கர் அச்சாகி வந்து, பாதி ஒட்டியும் ஆகிவிட்டது.

வரைந்தவன் பெவின். மாப்பிள்ளையூரணியில் வீட்டு மாடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு லேபிள், லோகோ, அட்டைப்படம் என்று வந்த வேலையைச் செய்கிறவன். சற்று முன்தான் மேடையேறி, எந்த நிறம் எதற்கு, எவ்வளவு இடைவெளி எங்கே என்றெல்லாம் விளக்கிக் கைதட்டு வாங்கியிருந்தான்.

இப்போது அவன் சிரிக்கிறவர்களைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த வேதமணி அண்ணாச்சியைப் பார்த்தான்.

வேதமணி இறாலும் கணவாயும் ஏற்றுமதி செய்கிறவர். அவருடைய பைகளுக்கும் பெட்டிகளுக்கும் வரைய ஒரு வருட வேலை இருந்தது. விழாவில் அவன் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் மாடியைக் காலி செய்துவிட்டுச் சென்னையில் ஏதாவது கம்பெனியில் போய் உட்கார வேண்டியதுதான் என்று பெவின் வீட்டில் பேச்சாகியிருந்தது. சங்கத்துப் பெண்களுக்கும் விஷயம் தெரியும், அவனே சொல்லியிருந்தான்.

வேதமணி பொட்டலத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“வரைஞ்சது நீதான, தம்பி? கடக்கரை ஊர்ல இருந்துக்கிட்டு இது தெரியாதா?”

பெவின் வாயைத் திறக்குமுன் சங்கத் தலைவி மெட்டில்டா எழுந்தாள்.

“அவரு சரியாத்தான் வரைஞ்சாரு, அண்ணாச்சி. கொடி சங்கப் பேரு மேல விழுதுன்னு நாந்தான் அந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு.”

சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது.

“ஏளா, நீ தண்டல் மவதானா?” என்றார் ஜேசுபாதம். “ஒங்கப்பன் இதப் பாத்திருந்தா அன்னைக்கே தோணிய விட்டு எறங்கியிருப்பான்.”

பிறகு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். வேலை தெரிந்தவனிடம் கொடுத்துவிட்டு நடுவில் இவள் எதற்குப் புகுந்தாள் என்று பொருளாளர் விஜிலா கேட்டாள். இதை ஒட்டிக்கொண்டு கடைக்குப் போனால் நம் ஆட்களே சிரிப்பார்கள், அத்தனையும் கிழித்துப் போட வேண்டியதுதான் என்றாள் இன்னொருத்தி. அடுத்த கூட்டத்தில் வேறு தலைவியைப் பார்க்க வேண்டும் என்று பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

மெட்டில்டா மக்ரூன் தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனாள்.

பெவினும் ஒன்று எடுத்துக்கொண்டான்.

விழா முடிந்ததும் வேதமணி அவனைத் தனியே கூப்பிட்டார். திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொன்னார். தோளைத் தட்டிவிட்டு ஒரு புத்தியும் சொன்னார்.

“வேலை தெரிஞ்சவன் வேண்டாம்னா வேண்டாம்னு நிக்கணும், தம்பி. வெவரம் இல்லாதவங்க சொல்லுதாங்கன்னு திருப்பிப் போடக் கூடாது.”

“சரி, அண்ணாச்சி” என்றான் பெவின்.

வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தவன், வண்டியைக் கிளப்பாமல் போனை எடுத்தான். வாட்ஸாப்பில் மெட்டில்டாவின் பெயரைத் தொட்டு, மேலே தள்ளிக்கொண்டே போனான். பதினேழு நாளுக்கு முந்தைய செய்தி கிடைத்தது.

“தம்பி, படம் நல்லாருக்கு. கொடிய மட்டும் பாய் உப்புத பக்கமாத் திருப்பிப் போட்டுருங்க.”

அதற்குக் கீழே அவனுடைய பதில்.

“அக்கா, அப்படிப் போட்டா டிசைன் பேலன்ஸ் போயிரும். கருவாடு உங்க வேலை, படம் என் வேலை.”

யாராவது கேட்டு அவள் காட்டிவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. தன் போனிலாவது இருக்க வேண்டாம் என்று விரலை வைத்தபோது, புதிதாக ஒரு செய்தி வந்தது. அவள்தான்.

“எங்க ஆளுக நாளைக்கே மறந்துருவாங்க, தம்பி. அண்ணாச்சி மறக்க மாட்டாரு. அதான் அப்படிச் சொன்னேன். பயப்படாதீங்க, எம் போன்ல அந்த ரெண்டையும் அழிச்சிட்டேன். நீங்க அழிச்சிராம வச்சிக்கிடுங்க.”