கிர்ஸ்டன் கல்யாணத்துக்கு ஒரு டியூனர்

“மார்லிஸ், அதை இவனுக்குக் கொடுக்காதே!”

நண்பன் வெர்னின் குரல் கேட்டதுமே ஆர்லனுக்கு எரிச்சல் வந்தது. பைக் உதிரிபாகக் கடையில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“உனக்கென்னடா வந்துச்சு? என் பைக்குக்கு நான் வாங்குறேன்.”

“இந்த டப்பாவையா? இது இன்ஜினை ஏமாத்துற டப்பாடா. வேகமாப் போனா சரி, மெதுவாப் போனா திக்கும். உன் பொண்ணு வெள்ளை கவுனோட பின்னால உட்கார்ந்திருக்கா, சர்ச் வாசல்ல வண்டி படார்னு வெடிச்சு நிக்குது. எப்படி இருக்கும்?”

ஆர்லன் டப்பாவைத் திருப்பிப் பார்த்தான். பனி உருகிய கையோடு புது சைலன்சரும் ஏர் ஃபில்டரும் ஆசையாக மாட்டியிருந்தான். காற்று தாராளமாகப் போனது. பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே போனது. இன்ஜின் கொதித்தது. நிதானமாக ஓட்டினால் அணைந்தது. அந்த அளவைத் திருத்த டியூனர் என்ற கருவி இல்லாமல் முடியாது; அந்த டப்பாவும் ஒரு வகை டியூனர்தான்.

சனிக்கிழமை மகள் கிர்ஸ்டனுக்குக் கல்யாணம். அவள் அம்மாவை விட்டு அவன் பிரிந்ததிலிருந்து நாலு வருஷம் பேசாமல் இருந்தவள், போன மாதம்தான் போன் செய்தாள். “சர்ச்சுக்கு உன் பைக்லதான் வருவேன்ப்பா” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

“அப்ப எதைத்தான் வாங்கச் சொல்றே?”

வெர்ன் கண்ணாடி அலமாரியைத் தட்டினான். “இதை. இன்ஜினோட கம்ப்யூட்டர் மூளையிலேயே போய் எழுதும். என் வண்டியிலயும் இதே சைலன்சர்தான். நான் இதைத்தான் போட்டிருக்கேன்.”

“அது பார்வைக்கு வெச்ச காலிப் பெட்டி” என்றாள் கடைக்காரி மார்லிஸ். “சரக்கு வர பத்து நாளாகும்.”

“இன்னிக்கு செவ்வாய், மார்லிஸ்! சனிக்கிழமை கல்யாணம்” என்றான் ஆர்லன்.

“அப்ப இந்த டப்பாவையே கொண்டு போய்யா.”

“கொண்டு போகாதே” என்றான் வெர்ன்.

“உன்னை யாராவது யோசனை கேட்டாங்களாடா?”

“கேட்டிருந்தா சைலன்சர் மாட்டினப்பவே டியூனரும் வாங்கியிருப்பே.”

கடையே சிரித்தது. ஆர்லன் எதையும் வாங்காமல் வெளியே வந்தான்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, வாசற்படியில் வெர்ன் உட்கார்ந்திருந்தான். மடியில், கடையில் அவன் தட்டிக் காட்டின அதே ரக டியூனர்.

“ஏதுடா இது?”

“தெரியாத்தனமா ரெண்டு வாங்கிட்டேன். ஒண்ணு டிராயர்ல சும்மாக் கிடந்துச்சு.”

“இதை நேத்து கடையிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“உன் மூஞ்சி சுருங்குறதைப் பார்க்க ஆசையா இருந்துச்சு.”

வெர்ன் அன்றைக்கே மாட்டினான். லேப்டாப்பில் பார்ப்பதும், நெடுஞ்சாலை வரை ஓட்டிவிட்டு வந்து திருத்துவதுமாக நாலு நடை. கடைசியில், ஆள் நடக்கிற வேகத்தில் விட்டாலும் வண்டி திக்காமல் நகர்ந்தது.

“சனிக்கிழமை பன்னிரண்டு பைக் ஊர்வலம். முதல் வண்டி உன்னுது” என்றான் ஆர்லன்.

“ஊர்வலத்துக்கு நான் வரலைடா. முதுகு சரியில்லை.”

“இப்பத்தானே என் வண்டியில நாலு நடை போனே?”

வெர்ன் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு எப்போதும் வாய்தான் என்று ஆர்லன் நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை கிர்ஸ்டன் கவுனைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கடைத்தெரு முழுக்க இரண்டு பக்கமும் ஜனங்கள் கையாட்டினார்கள். சர்ச் கண்ணில் பட்டதும் அவள் அவன் காதருகே சொன்னாள்.

“அப்பா, இன்னும் கொஞ்சம் மெதுவாப் போயேன்.”

போனான். வண்டி ஒரு முறைகூட அணையவில்லை.

விருந்துக்கு வெர்ன் வந்தான், மனைவியின் சின்னக் காரில். ஆர்லன் மைக்கைப் பிடித்தான்.

“ஊருக்கெல்லாம் பைக் பாடம் நடத்துற வெர்ன், இன்னிக்குப் பொண்டாட்டி கார்ல, சீட் பெல்ட்டெல்லாம் போட்டுக்கிட்டுப் பத்திரமா வந்து சேர்ந்திருக்கார். எல்லாரும் கை தட்டுங்க!”

விருந்துக் கூடாரமே அதிர்ந்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் வெர்ன்தான்.

அடுத்த வாரக் கடைசியில் இன்ஜின் ஆயில் வாங்க ஆர்லன் கடைக்குப் போனான்.

“வாய்யா கல்யாண வீட்டுக்காரா!” என்றாள் மார்லிஸ். “வெர்னோட டியூனர் வந்திருக்கு. போற வழியில கொடுத்துடறியா? பாவம், வண்டி பத்து நாளா ஷெட்ல நிக்குது.”

“இன்னொண்ணா? அவன்கிட்டதான் ரெண்டு இருந்துச்சே?”

“ரெண்டா? யாரு சொன்னது?” அவள் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “ஒரு டியூனர் ஒரு வண்டிக்குத்தான்யா கட்டுப்படும். இன்னொரு வண்டிக்குப் போகணும்னா, முதல் வண்டியில எழுதினதை எல்லாம் அழிச்சாகணும். நீ வந்துட்டுப் போன மறுநாள் மத்தியானம் என் கடை வாசல்ல உட்கார்ந்துதான் தன் வண்டியிலேருந்து அழிச்சான். ‘கல்யாண ஊர்வலத்துல உன் வண்டி திக்கித் திக்கி நிக்குமேடா’ன்னேன். ‘அதுக்கென்ன, மணப்பெண்ணா என் வண்டியில வரப்போறா?’ன்னான்.”

மைக்கில் பேசியது ஞாபகம் வந்தது. ஆர்லனுக்குக் காது சுட்டது.

பெட்டியோடு வெளியே வந்தபோது போன் அடித்தது. கிர்ஸ்டன்.

“பரிசு கொடுத்தவங்களுக்கெல்லாம் நன்றி அட்டை எழுதிட்டிருக்கேன்ப்பா. வெர்ன் அங்கிள் பேர்ல மட்டும் ஒண்ணும் காணோம். அவர் எதுவும் கொடுக்கலையா?”

“முதல் அட்டையை அவருக்கு எழுதும்மா” என்றான் ஆர்லன். “அவர் வண்டியை நிறுத்திட்டுத்தான் நம்ம வண்டியை ஓட வெச்சார்.”