தண்ணீர்க்காரர் பதக்கம்

புளியைப் பார்த்ததுமே, பதக்கம் வாங்க வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார்.

வாசலில் உட்கார்ந்து தனபாக்கியம் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெண்கலம் பளபளவென்று இருந்தது.

பார்க்க வருகிறேன் என்று நேற்றே போனில் சொல்லியிருந்தார். துலக்கி வைக்காதீர்கள் என்று சொல்லத்தான் மறந்துபோனார்.

பழைய பட்டாளத்துப் பதக்கம் சேர்ப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. விளிம்பில்தான் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அது தேய்ந்துபோனால் வெறும் வில்லை.

அவரிடம் நாற்பத்தொரு பதக்கங்கள் இருந்தன. கர்னல், கேப்டன், கப்பற்படை மாலுமி, எல்லாம் வெள்ளி.

பதினோரு வருடமாகத் தேடியது ஒரே ஒரு வெண்கலத்தை. சிப்பாய்க்கு வெள்ளி, கூடப் போன தண்ணீர்க்காரருக்கு வெண்கலம். வெள்ளைக்கார சர்க்காரின் பெரிய மனசு அவ்வளவுதான்.

முதல் உலகப் போரில், பஸ்ரா பக்கத்துச் சண்டையில், குண்டுகளுக்கு நடுவே பதினாறு தடவை தோல்பையில் தண்ணீர் கொண்டுபோனவர் பிச்சாண்டி. ஓர் அதிகாரியின் டைரியில் இரண்டே வரி. அதைப் படித்த பிறகு கர்னல்களெல்லாம் அவருக்குக் கொஞ்சம் சிறுத்துத்தான் போனார்கள்.

அவள் கையிலிருந்து பதக்கத்தை வாங்கினார். லென்ஸை வைத்து விளிம்பைச் சுற்றிப் பார்த்தார்.

வழுவழுவென்று இருந்தது.

இன்னொரு சுற்று.

ஓர் எழுத்துகூட இல்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

தனபாக்கியம் அவர் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடம் போகாதவள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னாள்.

"த்ரீ ஒன் ஒன் ஃபோர், பிஸ்தி பிச்சாண்டி, மெட்ராஸ் சப்பர்ஸ். எங்க மாமனாரோட அப்பாங்க. பிஸ்தின்னா தண்ணி சொமக்கறவரு. கல்யாணமாயி வந்த மொத வெள்ளிக்கெழமையே மாமியா சொல்லிக் குடுத்துட்டாங்க. இதச் சொல்லிக்கினேதான் தேய்க்கணும். எம் மருமகளுக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்."

பையிலிருந்து, பதக்கம் பெற்றவர்களின் பட்டியலை எடுத்தார். விரல் வைத்துத் தேடினார்.

3114. பிச்சாண்டி. ஓர் எண் பிசகவில்லை.

மூன்று தலைமுறை மருமகள்கள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விலை பேசத்தான் வந்தார். பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார்.

பதக்கத்தில் பதித்திருந்த ராஜா தலையின் காதோரம் இன்னும் கொஞ்சம் கறுப்பு பாக்கி இருந்தது. அவள் கையை நீட்டினாள்.

தேய்க்காதீங்கம்மா என்பது அவர் தொண்டை வரைக்கும் வந்தது.

கொடுத்துவிட்டார்.

புளி காய்ந்திருந்தது. அவள் அக்கம்பக்கம் பார்த்தாள்.

அவர் எழுந்து போய், தொட்டியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்தார். குனிந்து, அவள் கையில் ஊற்றினார்.