இடக்கை முடிச்சு

இரண்டு கற்களையும் வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஸ்பெயின் நாட்டு மலையுச்சி. நெடிய மரக்கம்பம். நுனியில் சின்ன இரும்புச் சிலுவை. அடியில் கற்குவியல். யேசுவின் சீடரான புனித யாகப்பரின் கல்லறைக்கு நடந்துபோகிறவர்கள், பல நூறு வருசமாக, ஊரிலிருந்து கொண்டுவந்த கல்லை இங்கேதான் இறக்கிவைக்கிறார்கள்.

அவள் கொண்டுவந்தவை யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரைக் கற்கள். ஒன்று புருசனுக்கு. ஒன்று மகனுக்கு.

பதினாறு வருசத்துக்கு முன், யுத்தகால ஷெல்லடியில், சனத்துக்குள் கைநழுவிப் போனவர்கள். மகனுக்கு அப்போது நாலு வயசு. அவள் தேடாத முகாம் இல்லை.

உயிர் தப்பினால் யாகப்பரிடம் நடந்தே வருவோம் என்று பதுங்குகுழிக்குள் புருசனும் அவளும் சேர்ந்துதான் நேர்ந்தார்கள். தப்பியது அவள் மட்டும். கனடாவிலிருந்து தனியாக வந்தாள்.

இப்போது குவியலில் வேறொரு கல்.

வலைக்குக் கல் கட்டுவதுபோல் நைலோன் நூலால் குறுக்கே கட்டியிருந்தது. முடிச்சு இடப்பக்கம் திரும்பியிருந்தது.

அவள் அறிய, இடக்கையால் முடிச்சுப் போட்டவன் ஒருத்தன்தான். அதை அவிழ்க்க அவள் பட்ட பாடு!

கல்லைத் திருப்பினாள்.

‘எமல்டாவின் ஆத்துமா இளைப்பாறட்டும். பொனிபஸ்.’

அவளுடைய பெயர். கீழே புருசனுடைய பெயர்.

ஐயோ, மாதாவே.

தேதி நேற்றையது.

அந்த மடையனுக்கு நான் செத்துப்போனேனாம்!

கற்களுக்கு மேலேயே குந்திவிட்டாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

பெயருக்குக் கீழே இன்னும் ஒரு சொல் இருந்தது. வேறு கை. தமிழ் எழுதிப் பழகாத கை. கோணல்மாணலாக, பெரிசாக.

அம்மா.

நாலு வயசில் விட்ட பிள்ளை. எழுத்தை விரலால் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள்.

“விசரன்,” என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “பிள்ளைக்கு ஒழுங்காத் தமிழ் எழுதப் பழக்கேல்லையே, மனுசா!”

கொண்டுவந்த இரண்டு கற்களையும் திரும்பப் பைக்குள் போட்டாள். அவர்கள் தனக்காக வைத்துப்போன கல்லையும் எடுத்தாள். பிறர் வைத்த கல்லைத் தொடக்கூடாது என்று கிழவர் பதறிக் கையை ஆட்டினார்.

முழங்கால் வீங்கியிருந்தது. அடுத்த ஊரில் இரண்டு நாள் ஆறுவதாக இருந்தாள்.

மூன்று கற்களோடு இறக்கத்தில் ஓடினாள்.