வாசித்தோம்

பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. பழைய கணினியில் இருந்த கோப்புகள் எல்லாம் புதியதற்கு வந்து சேர்ந்துவிட்டன.

ஒன்றைத் திறந்தார்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரே குப்பை.

இன்னொன்று. அதுவும் குப்பை.

அவர் ஒன்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்து நடத்திய சிற்றிதழ். கதை, கவிதை, தலையங்கம், எல்லாருக்கும் எழுதிய பதில்கள், அத்தனையும் அந்தக் காலத்து எழுத்துருக்களில் அடித்தவை. பழைய விண்டோஸ் கணினி பாதி நாள் எழுந்திருக்கவே மறுத்ததால் லினக்ஸுக்கு மாறினார். கோப்புகள் வந்தன. எழுத்துருக்கள் வரவில்லை.

தேடி எழுத்துருமாற்றி ஒன்றை இறக்கிக்கொண்டார். பழைய எழுத்துரு எதுவானாலும் தானே கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்றிவிடுமாம். எல்லாவற்றையும் மொத்தமாக அதற்குள் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது தமிழ் வந்திருந்தது.

சரியாக மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். தன் தலையங்கங்கள். இறந்துபோன நண்பரின் கவிதைகள். எல்லாம் தெரிந்தவை. இரண்டு வரி பார்த்ததும் மூடினார்.

2004 என்ற கோப்புறையில் ஒரு கதை இருந்தது.

அதை அவர் படித்ததே இல்லை.

கடலுக்குப் போகிற தம்பி செருப்பைக் கரையில் விட்டுப் போகிறான். நாய் இழுத்துப் போகாமல் அக்காள் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் கதை. அன்று படகு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. வெயில் நகர நகரச் செருப்பை நிழலுக்கு நகர்த்தி வைக்கிறாள்.

முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து படித்தார்.

அவர் இதழில் வந்த கதைகளில் இதன் பக்கத்தில் வைக்க இரண்டுகூடத் தேறாது.

கீழே பெயர் இருந்தது. பிலோமினா, வேம்பார். பங்குக் கோயிலின் தொலைபேசி எண்.

அப்போதுதான் நினைவு வந்தது. மின்னஞ்சலில் வந்த கதை. ஏதோ பிரவுசிங் சென்டரில் வேறு எழுத்துருவில் அடித்து அனுப்பியிருந்தாள். அவர் கணினியில் அது திறந்தபோது, இன்று காலை பார்த்த அதே குப்பை. வேறு எழுத்துருவில் அனுப்பு என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இதழ் அச்சுக்குப் போகிற வாரம். அவருக்குப் பொறுமை இல்லை.

கடிதங்கள் என்ற கோப்புறையைத் திறந்தார். அவர் அனுப்பிய பதில் இருந்தது.

‘தங்கள் கதையை வாசித்தோம். இதழின் போக்குக்குப் பொருந்தவில்லை.’

அதற்கு அவள் இன்லண்ட் லெட்டரில் கேட்டிருந்ததும் நினைவு வந்தது, எந்த இடம் சரியில்லை ஐயா, சொன்னால் திருத்தி எழுதுகிறேன் என்று. அதற்கும் ஒரு பதில் போட்டிருந்தார்.

‘மொழி இன்னும் பழக வேண்டும்.’

ஓரெழுத்துகூடப் படிக்காத கதையைப் பற்றி.

அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். திரும்பி வந்து அந்த வரியை மறுபடி பார்த்தார்.

கோயில் எண்ணுக்குப் போட்டார். எடுத்தவர் பெயரைக் கேட்டதும், “நம்ம டெய்லர் பிலோமினாவா?” என்று கைபேசி எண்ணைச் சொன்னார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தன் பெயரையும் இதழின் பெயரையும் சொன்னார்.

மெஷின் நின்றது.

“சார், நீங்களா? என்னயெல்லாம் ஞாபகம் வச்சிருக்கீங்களா சார்?”

குரலில் அத்தனை மகிழ்ச்சி. இப்போது எழுதுகிறீர்களா என்று கேட்டார்.

“எங்க சார். நீங்க சொன்னது சரிதான். உங்க லெட்டர் வந்தப்புறம் எடுத்துப் படிச்சுப் பாத்தேன். ஒரு வரிகூட ஒழுங்கா இல்ல. அன்னைக்கு விட்டதுதான்.” சிரித்தாள். “வேற பத்திரிகைல யாரும் பதிலே போடல சார். நீங்க ஒருத்தர்தான் படிச்சிட்டு உள்ளதச் சொன்னீங்க.”

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது. நலம் விசாரிக்கத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிடலாம். அவளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

“நான் அதைப் படிக்கலம்மா,” என்றார்.

“என்ன சார்?”

“என் கம்ப்யூட்டர்ல எழுத்தே வரல. படிக்காமலேதான் அப்படி எழுதினேன். இன்னைக்குத்தான் படிச்சேன்.”

அந்தப் பக்கம் யாரோ வந்து பிளவுஸ் தைத்தாகிவிட்டதா என்று கேட்டார்கள்.

பிறகு மெல்லக் கேட்டாள்.

“நல்லா இருந்துச்சா சார்?”

“நல்லா இருந்துச்சும்மா. ரொம்ப நல்லா.”

“கதை எழுதி வச்ச நோட்ட அப்பவே அடுப்புல போட்டுட்டேன் சார்,” என்றாள். “அதுல இன்னும் ஏழு கதை இருந்துச்சு.”

அவர் போனை வைக்கவில்லை.

அவளும் வைக்கவில்லை.